கையேட்டில் இரண்டு வரி சேருங்கள், ஐயா

ஜாவா செய்முறைக் கையேட்டைத் தயாரிக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். கணினி ஆய்வகத்தில் ஜாவா என்ற நிரல்மொழியைச் சொல்லித் தருபவன் நான். கீபோர்டு ஈவென்ட், அதாவது கீ அழுத்தலுக்கு நிரல் பதில் தரும் பயிற்சியைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருக்கிறேன், கோப்பில் இருக்கும். போன வாரச் செய்முறைத் தேர்வைப் பார்த்தபின், நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கேள்வி எளிது. அம்புக்குறி கீயை அழுத்தினால் வட்டம் நகர வேண்டும்; பட்டனைச் சொடுக்கினால் அதன் நிறம் மாற வேண்டும். ஒரு மாணவி, கையேட்டில் உள்ளபடியே ஜேஃப்ரேமில், அதாவது நிரலின் விண்டோவில், கீ அழுத்தலைக் கவனிக்கும் கீலிஸ்னரைச் சேர்த்து எழுதினாள். பிழையின்றி கம்பைல் ஆனது. வலது அம்பை அழுத்தினாள், வட்டம் அசையவில்லை. வட்டத்தின் மேலேயே மவுஸால் சொடுக்கிவிட்டு அழுத்தினாள், அப்போதும் இல்லை. எரிச்சலில் ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். நிறம் மாறியது! கீபோர்டு வேலை செய்கிறது, தப்பு நம் கோடில்தான் என்று முடிவுகட்டி, கீ அழுத்தினால் ஓட வேண்டிய, சரியாகவே இருந்த கீபிரஸ்டு மெத்தடை மூன்று தடவை அழித்து அழித்து எழுதினாள். மணி அடித்துவிட்டது. வெளியீட்டுக்கான மதிப்பெண் பூஜ்ஜியம். தேர்வாளரைக் குறை சொல்லமாட்டேன். அவர் கையிலும் இதே கையேடுதான்.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. மவுஸ் ஈவென்ட் சுட்டி எதன் மேல் இருக்கிறதோ அதற்குப் போகும். கீ ஈவென்ட் ஃபோகஸ் யாரிடமோ அவரிடம்தான் போகும்; கீ அழுத்தலை வாங்கும் முறை அப்போது யாருக்கோ, அதுதான் ஃபோகஸ். விண்டோ திறந்ததும் ஃபோகஸைப் பட்டன் வாங்கிக்கொண்டது. ஸ்பேஸ் பார் பட்டனைத்தான் அமுக்கியது. வட்டம் வரையப்பட்ட பரப்பான ஜேபேனலைச் சொடுக்கினால் ஃபோகஸ் தானாக அதற்கு வந்துவிடாது. கையேட்டின் முதல் நிரலில் பட்டனே இல்லை, அதனால் ஓடிவிடுகிறது. அடுத்த பயிற்சியில் பட்டனைச் சேர்க்கச் சொல்கிறீர்கள். ஃபோகஸ் என்ற சொல்லை மட்டும் சேர்க்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவே. லிஸ்னரைப் பேனலில் சேர்க்கச் சொல்லுங்கள். விண்டோவைத் திரையில் காட்டும் செட்விசிபிளுக்குப் பிறகு, ஃபோகஸைக் கேட்டு வாங்க அந்தப் பேனலுக்கு ரிக்வெஸ்ட்ஃபோகஸ்இன்விண்டோ என்று ஒரு வரி. பட்டன் ஃபோகஸை வாங்காமலிருக்க அதற்கு செட்ஃபோகஸபிள் ஃபால்ஸ் என்று ஒரு வரி. கீயை நேரே ஒரு செயலோடு இணைக்கும் கீ பைண்டிங் முறையைச் சொல்லித் தந்தால் இன்னும் நல்லது, அதுவரைக்கும் ஆசைப்படவில்லை.

வாய்மொழித் தேர்வில் மவுஸைக் கவனிக்கும் மவுஸ்லிஸ்னரின் ஐந்து மெத்தட்களையும் பிள்ளைகள் மந்திரம் போல ஒப்பிக்கிறார்கள். அழுத்தியபின் கை நழுவிச் சுட்டி நகர்ந்துவிட்டால் சொடுக்கலுக்கான மவுஸ்கிளிக்டு ஏன் வருவதில்லை என்று கேளுங்கள், மௌனம்தான். கையேட்டில் அந்தக் கேள்வியே கிடையாது. ஆனால் இணைய உலாவிக்குள் ஓடுவதற்கென எழுதப்பட்ட சிறு நிரலான ஆப்லெட்டை ஆப்லெட்வியூவரில் ஓட்டச் சொல்லும் பக்கம் பத்திரமாக இருக்கிறது. 2018இல் வந்த ஜாவா 11இலேயே அந்தக் கருவி நீக்கப்பட்டுவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் இருப்பது ஜாவா 17. ஓட்டிக் காட்ட யாராவது வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. ஆப்லெட் பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் அந்த இரண்டு வரியை மட்டும் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். அந்த மாணவி மறுதேர்வுக்கு இதே கையேட்டை வைத்துத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.

பணிவுடன்,
ஓர் ஆய்வக ஆசிரியர்