லியோன் பட்டு நெசவாளர் கதை தமிழில் வருகிறது, கொஞ்சம் கை கொடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பணம் கேட்டுத்தான் எழுதுகிறோம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிரான்ஸின் லியோன் நகரத்துப் பட்டைப் பற்றித் தமிழில் ஒரு படப் புத்தகம் கொண்டுவர எட்டுப் பேர் சேர்ந்து இரண்டு வருடமாக உழைத்துவருகிறோம். எழுதி முடித்தாயிற்று. படங்களுக்குக் கட்ட வேண்டிய உரிமைக் கட்டணத்துக்கும் அச்சுக் கூலிக்கும்தான் கையில் காசில்லை.

காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீட்டுக்குள் போயிருந்தால், தறிக்கு மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருப்பதையும் துளை போட்ட அட்டைகள் கோத்துவிட்ட மாதிரி தொங்குவதையும் பார்த்திருப்பீர்கள். ஜக்கார்டு என்போம். அது ஓர் ஆளின் பெயர், 1752இல் லியோனில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்டின் பெயர். நாற்பது வருடம் அந்தப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து நெய்த எங்கள் குழுவின் பெரியவர் ஒருவருக்கே இது தெரியாது. அவர் "யாருப்பா அந்த ஆளு?" என்று கேட்டதில் ஆரம்பித்ததுதான் இந்தப் புத்தகம்.

ஜக்கார்டுக்கு முந்தைய தறியில் பூ வேலைப்பாடு நெய்ய ஓர் ஆள் போதாது. நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளில் எதெது எழ வேண்டுமோ அதற்கான கயிறுகளை வரிசை தப்பாமல் இழுத்துக் கொடுக்க இன்னொருவர் நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்க வேண்டும், லியோனில் பெரும்பாலும் சிறுமிகளும் பெண்களும்தான் அந்த முதுகொடியும் வேலையைச் செய்தார்கள். 1725இல் பசில் புஷோன் காகிதச் சுருளில் துளையிட்டுப் பார்த்தார், அடுத்து ஃபல்கோன் அட்டைக்கு மாறினார், 1745இல் வோகான்சோன் ஆள் இழுக்காமலே இயங்கும் தறி செய்தார். இவர்கள் எல்லோருடைய வேலையையும் சேர்த்து 1804 வாக்கில் ஜக்கார்டு தன் கருவியைக் கொண்டுவந்தார். துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், இழை எழும், இல்லாவிட்டால் எழாது. அவ்வளவுதான் சூட்சுமம். 1839இல் சுமார் 24,000 அட்டைகள் வைத்து அவருடைய உருவப்படத்தையே பட்டில் நெய்திருக்கிறார்கள், அந்தப் படத்தைப் புத்தகத்தில் முழுப் பக்கத்துக்குப் போட வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய ஆசை.

ஐரோப்பிய நாகரிக உடைகளைப் பற்றி எதைப் படித்தாலும் உடுத்தியவர் பெயர்தான் இருக்கிறது. 1536இல் மன்னர் முதலாம் பிரான்சுவா லியோனில் பட்டு நெய்யச் சலுகை கொடுத்தது, லியோன் பட்டு வடிவமைப்பாளர் பிலிப் த லாசால் வரைந்த பூவும் பறவையும் ரஷ்யப் பேரரசி கேத்தரின் வரை போனது, 1783இல் பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் பட்டை விட்டு மெல்லிய மஸ்லினில் ஓவியத்துக்கு நின்றதும் பெரிய சர்ச்சையானது, எல்லாம் எங்கள் புத்தகத்திலும் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் நெய்தவர்களைப் பற்றியது. கனூ என்று அவர்களைச் சொல்வார்கள். ஜக்கார்டு தறி உயரமானது என்பதால் லியோனின் க்ருவா ரூஸ் குன்றில் கிட்டத்தட்ட நாலு மீட்டர் உயரக் கூரையோடு வீடு கட்டினார்கள், கீழே தறி, மேலே ஒரு பரண், அதில்தான் குடும்பம் தூங்கியது. 1831 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி முடிவானது, வியாபாரிகளில் ஒரு பகுதியினர் தர மறுத்தார்கள், நவம்பரில் நெசவாளர்கள் கறுப்புக் கொடியோடு இறங்கி நகரத்தையே சில நாள் கையில் வைத்திருந்தார்கள். "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம்" என்பது கொடியில் இருந்த வாசகம். பாரிஸிலிருந்த அரசு படையை அனுப்பியது, கூலி ஒப்பந்தம் ரத்தானது. 1834இல் மறுபடி எழுந்தார்கள், மறுபடி அடக்கப்பட்டார்கள். இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். கூலிக்கு நெய்கிற எவருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சரி, கணக்குக்கு வருகிறோம். 600 பிரதி வண்ணத்தில் அச்சிட 2,10,000 ரூபாய். சில அருங்காட்சியகங்கள் படங்களை இலவசமாகவே தருகின்றன, மற்றவற்றுக்குக் கட்டணம் 90,000 ரூபாய். மொத்தம் 3 லட்சத்தில் நாங்களே போட்டதும் நண்பர்கள் கொடுத்ததுமாக 84,000 சேர்ந்திருக்கிறது, மீதி 2,16,000 தேவை. எங்களில் யாரும் இதில் சம்பளம் எடுக்கவில்லை. நூறு பிரதிகளை நெசவு ஊர்களின் நூலகங்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்போகிறோம்.

நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. ஆயிரமும் அதற்கு மேலும் தருபவர்களுக்குப் புத்தகம் வீடு தேடி வரும். வரவு செலவை மாதாமாதம் எல்லோருக்கும் அனுப்புவோம், பொங்கலுக்குள் தொகை சேராவிட்டால் கொடுத்தவர்களுக்கே திருப்பிவிடுவோம். பணம் அனுப்பும் விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, குழுவில் உங்களுக்குத் தெரிந்த யாரிடம் கேட்டாலும் தருவார்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஜக்கார்டு அட்டைக் கட்டு ஏதாவது கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து, யார் நெய்தது, என்ன டிசைன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், கடைசி அத்தியாயத்தில் இடம் வைத்திருக்கிறோம்.