கதவு சாத்தக்கூடிய ஓர் அறை கொடுங்கள்: கடலூர் மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட மனநலத் திட்டத்தை நடத்தும் மருத்துவ அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று மூளும் கடும் பயம், வருகிறவர்களுக்கு வீடியோ அழைப்பு வழியாகச் சிகிச்சை தருகிறவர்கள் நாங்கள். 2022 அக்டோபர் 10 முதல் டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவை நடப்பதும், 14416-ஐ அழைத்தால் இரவு பகல் பாராமல் தமிழில் பேச ஆள் இருப்பதும் நீங்கள் அறிந்ததுதான். அந்தச் சேவையின் மேல் எங்களுக்கு மதிப்பு உண்டு. வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த எண்ணை நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் ஆன்லைன் சிகிச்சை பற்றி எங்கே பேச்செடுத்தாலும், "அதான் 14416 இருக்கே, செல்போன் எல்லார் கையிலயும் இருக்கே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

போன் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பேச இடம்தான் இல்லை. மாவட்டத்தின் பத்து வட்டங்களிலும், அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கதவு சாத்தித் தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை வேண்டும். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான்.

ஒவ்வொரு செஷனையும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவோம்: "இப்ப எங்க இருக்கீங்க, பக்கத்துல யாரு இருக்காங்க?" நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது, எந்த முகவரிக்கு 108-ஐ அனுப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும், அதனால் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. வருகிற பதில்களைப் பாருங்கள். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். குளியலறையில், பேச்சு வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு. செம்மண்டலத்தில் வண்டியை ஓரங்கட்டி, தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமல். ஒரு கூடம், ஒரு சமையலறை, அதில் ஐந்து பேர் என்று இருக்கிற வீட்டில், மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் போனில் பேசினால் என்னென்ன கேள்வி வரும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் "ம்", "சரி", "இல்லைங்க" என்று மூன்றே சொல்லில் செஷனை ஓட்டுகிறாள். தெருவில் நிற்கும்போது செத்துவிடுவோம் என்று தோன்றியதை அவள் சொல்லவே இல்லை. நான்காவது வாரம் லிங்க் அனுப்பினால் திறப்பதில்லை.

மெதுவாகப் பேசினால் போதாதா என்று கேட்பவர்கள், இந்தச் சிகிச்சை வெறும் பேச்சு என்று நினைக்கிறார்கள்.

பேனிக் அட்டாக் வரும்போது மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட விட, ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் தலை கிறுகிறுக்கும், விரல்களும் உதடும் மரத்துப்போகும், நெஞ்சு இறுகும். "ஹார்ட் அட்டாக்தான்" என்று மனம் முடிவு கட்டுகிறது. அந்தப் பயத்தில் மூச்சு இன்னும் வேகமாகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்குகிறது. முதல்முறை நெஞ்சுவலி வருகிறவர் கட்டாயம் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாக வேண்டும். அவை சரியாக இருந்த பிறகும் மாதத்துக்கு இரண்டு ஈசிஜி எடுத்துக்கொண்டு, "கேஸ் டிரபிள்தான், ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையோடு திரும்பி, அடுத்து மந்திரிக்கவும் தாயத்து கட்டவும் போகிறவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை.

அதன் நடுப்பகுதி உடற்பயிற்சி மாதிரி. பயப்படுகிற அதே உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்து, அவற்றால் ஆபத்தில்லை என்று உடம்புக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடுவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்குவது. சுழல்நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது. நின்ற இடத்திலேயே ஓடுவது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் பயம் பத்துக்கு எத்தனை என்று எழுதி வைத்து, எண் இறங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் செய்யக் கூடாது.

இதை வீட்டுக் கூடத்தில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மகள் இரைக்க இரைக்க மூச்சு விடுகிறாள், முகம் வெளிறுகிறது. அடுத்த நொடி அம்மா சொம்புத் தண்ணீரோடும் விபூதியோடும் ஓடி வருகிறார். அவர்மேல் குற்றமில்லை; எந்தத் தாயும் அதைத்தான் செய்வார். ஆனால் பயம் உச்சத்தில் இருக்கும்போது பயிற்சி நின்றுபோனால், தண்ணீர் குடித்ததால்தான் பிழைத்தேன் என்று மனம் பதியவைத்துக்கொள்கிறது. அடுத்த நாளிலிருந்து தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவள் வாசல் தாண்டமாட்டாள். சிகிச்சையே நோயை வளர்த்துவிடுகிறது. இதனால்தான் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும் என்கிறோம்.

நேரில் போகலாமே என்பார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். ஆனால் பேனிக் முற்றியவர்களுக்குக் கூட்டமான பேருந்துதான் முதல் எதிரி. கன்னியக்கோயிலைத் தாண்டுவதற்குள் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். திட்டக்குடியிலோ ஸ்ரீமுஷ்ணத்திலோ இருப்பவர் என்ன செய்வார்? ஆன்லைன் சிகிச்சை இவர்களுக்குத்தான் மிகவும் தேவை. இடமில்லாமல் இழப்பவர்களும் இவர்களே. 14416 நெருக்கடி நேரத்தில் கை கொடுக்கும், எங்கே போகலாம் என்று வழி சொல்லும். வாரத்துக்கு ஒருநாள், அதே நேரம், அதே ஆளோடு, பத்துப் பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்வது வேறு வேலை.

அறைக்குப் பெரிய செலவு இல்லை. எட்டடிக்கு எட்டடி போதும். கண்ணாடிக் கதவு வேண்டாம், மரக்கதவு வேண்டும். வெளியே மின்விசிறி ஒன்று ஓடினால் உள்ளே பேசுவது வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காது. ஒரு டேப்லட், அதை நிறுத்த ஒரு ஸ்டாண்ட். முகம் மட்டும் தெரிந்தால் பயனில்லை, மூச்சு நெஞ்சில் ஏறி இறங்குகிறதா வயிற்றிலா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். வயர் வைத்த ஹெட்போன் நல்லது. புளூடூத் நடுவில் சார்ஜ் இறங்கிவிடும். சுழல்நாற்காலி, ஒரு பாக்கெட் ஸ்ட்ரா, சுவரில் நொடிமுள் உள்ள கடிகாரம். ஒரு மணி நேரம் தாங்கும் இன்வெர்ட்டர். பயம் ஏறிக்கொண்டிருக்கும்போது திரை உறைந்துவிட்டால், எதிரே இருப்பவர் கைவிடப்பட்டதாகவே உணர்கிறார். இரண்டாவது நிமிடத்துக்குள் சாதாரணப் போனில் அழைத்துவிட வேண்டும். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2024 நவம்பரில் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று அடிபட்ட மாவட்டம் இது. மின்சாரம் போகும் என்று எதிர்பார்த்தே திட்டம் போட வேண்டும். அறை வாசலில் "மனநலம்" என்று பெரிதாக எழுதாதீர்கள், ஓர் எண் போதும். எச்ஐவி ஆலோசனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்கள் வைத்து, ரகசியம் காக்கும் அறையை இதே அரசுதான் உண்டாக்கியது. வழி உங்களுக்குப் புதிதல்ல.

சொல்லாமல் விட மனம் வராத இன்னும் சில உண்டு. அறை இல்லாத இடத்தை மாத்திரை நிரப்புகிறது. யாரோ எழுதிக்கொடுத்த பழைய சீட்டை வைத்துக்கொண்டு அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டு, அது இல்லாமல் தூங்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள். பேனிக்குக்குத் தினமும் சாப்பிடக் கொடுக்கும் செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் மாதிரியான மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் படபடப்பு கூடவும் செய்யலாம் என்று உட்கார்ந்து சொல்ல ஆளில்லாததால், ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். சில நாள் சான்றிதழ் வகுப்பு முடித்தவர்கள் தெரபிஸ்ட் என்று போட்டுக்கொண்டு செல்போனில் பணம் வாங்குகிறார்கள். மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், அதைக் கேட்கலாம் என்று மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 18-ஆம் பிரிவில் சிகிச்சையை உரிமை என்றே எழுதியிருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 10-ல், உலக மனநல நாளன்று, பேனர் கட்டி, உறுதிமொழி எடுத்து, மறுநாள் அதே பெண்ணை மொட்டை மாடிக்கு அனுப்புவது எந்த விதத்தில் நியாயம்?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருள்க. கேட்பது ஒன்றே: கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. பத்தையும் ஒரே நாளில் கேட்கவில்லை. முதலில் விருத்தாசலத்திலும் திட்டக்குடியிலும் ஒவ்வொன்று, வாரத்தில் இரண்டு பிற்பகல், மூன்று மாதத்துக்கு மட்டும் திறந்துவிடுங்கள். யார் வந்தார்கள் என்ற பெயர் வேண்டாம்; எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் பன்னிரண்டாம் வாரம்வரை வந்தார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். அந்த அறைகளில் செஷன் எடுக்கவும், செவிலியர்களுக்குப் பயிற்சி தரவும் கட்டணம் இல்லாமல் நாங்கள் தயார். எந்தத் தேதியில் வந்து பார்க்கலாம் என்று தெரிவிக்குமாறு பணிவோடு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி வட்டார மனநல ஆலோசகர்கள் சிலர்