புகைச் சிப்பியைக் குழம்பில் கொதிக்க விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் டின் உணவுகளைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. அதில் புகைபோட்ட சிப்பிக்கும் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கியிருந்தீர்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தேன். முத்துச்சிப்பியின் சதையைத்தான் டின்னில் அடைக்கிறார்கள் என்றும், அது ஆண்மைக்கு மருந்து என்றும், டின்னில் அடைத்ததில் சத்து எதுவும் மிஞ்சாது என்றும் எழுதியிருந்தது. கடைசியாக ஒரு செய்முறை: புளிக்குழம்பில் போட்டு 20 நிமிடம் கொதிக்க விட வேண்டுமாம். நான் 29 வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல் பார்த்தவன். கடைசி 16 வருஷம் சீஃப் குக். இந்த டின்களை நூற்றுக்கணக்கில் என் கையால் திறந்திருக்கிறேன். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் இது எந்தச் சிப்பி என்று சொல்லிவிடுகிறேன். முத்துச்சிப்பி ஆழத்தில், பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டுகளில் கிடப்பது. எங்கள் ஊர் ஆட்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்தது அதைத்தான். டின்னில் வருவது வேறு இனம். எங்கள் பக்கம் அந்த வகையை ஆளி என்போம். பாறையிலும் துறைமுகத் தூண்களிலும் கழிமுகத்திலும் ஒட்டிக்கொண்டு, ஓடு கரடுமுரடாக, தெரியாமல் கால் வைத்தால் கிழித்துவிடும். நம் கடலோரத்து ஆளிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் கிராஸோஸ்ட்ரியா மெட்ராஸென்சிஸ். மெட்ராஸ் பெயரிலேயே இருக்கிறது. டின்களில் பெரும்பாலும் வருவது அதன் உறவான பசிபிக் சிப்பி. கொரியாவிலும் சீனாவிலும் வளர்க்கிறார்கள்.

அதை வளர்க்கும் இடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை புதுக்கப்பலை எடுத்து வரத் தென்கொரியாவின் கோஜே தீவுக்குப் போயிருந்தோம். ஜனவரி மாதம். கப்பல் தயாராக நாளாகும் என்றதால் ஒரு பாலத்தைத் தாண்டி அடுத்திருக்கும் தொங்யோங் ஊருக்குப் பஸ்ஸில் போனேன். கொரியாவில் சிப்பி அதிகம் விளைவது அங்கேதான். குடா முழுக்க வெள்ளை மிதவைகள், நாற்று நட்ட வயல் மாதிரி வரிசை வரிசையாக. ஒவ்வொரு வரிசைக்கும் கீழே கயிறுகள் தண்ணீரில் தொங்குகின்றன. கயிற்றில் பழைய ஓடுகளைக் கோத்து, அவற்றில் குஞ்சுச் சிப்பிகளை ஒட்டவைத்து இறக்கிவிடுகிறார்கள். தீனி போடுவதில்லை. கடல்நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசியைத் தின்றே அது வளர்கிறது.

கரையில் ஒரு நீளமான கொட்டகை. உள்ளே நம் ஊர் இறால் கம்பெனி மாதிரியே இரண்டு பக்கமும் பெண்கள், எல்லாரும் என் அம்மா வயதுக்காரர்கள். ரப்பர் கையுறை, தலையில் துணி, கையில் குட்டையான கத்தி. ஓட்டின் இடுக்கில் கத்தி நுழைவதும் சதை கிண்ணத்தில் விழுவதும் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். வெளியே ஓடுகள் மலையாகக் குவிந்திருந்தன. ஒரு பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்து, கத்தி முனையில் ஒன்றை நீட்டினார். நான் பச்சையாகச் சாப்பிடுகிறவன் இல்லை. மறுக்க மனம் வராமல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். உப்பு முதலில் வந்தது, அப்புறம் ஓர் இனிப்பு. குளிர்காலத்தில் சிப்பி உடம்பில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது, அப்போது சதை கொழுத்திருப்பது அதனால்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கோடையில் முட்டையிட்ட பிறகு அதே சிப்பி சதை வற்றிச் சப்பென்று ஆகிவிடும்.

டின்னுக்குப் போகும் சிப்பியை ஆவியில் வேகவைத்துச் சதையை எடுத்து, உப்புநீரில் ஊறவைத்து, மரப்புகை காட்டி, எண்ணெயோடு அடைத்து மூடுகிறார்கள். அப்புறம் மூடிய டின்னையே அழுத்தக் கலனில் 115 டிகிரிக்கும் மேலான சூட்டில் வைத்து எடுக்கிறார்கள். அதனால்தான் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. சில கம்பெனிகள் உண்மையான புகைக்குப் பதில் புகைச்சுவை சேர்ப்பதும் உண்டு. டின்னின் பின்புறத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.

புகை என்றதும் அந்நியமாக நினைக்க வேண்டாம். லட்சத்தீவின் மினிக்காயிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் வரும் மாசிக் கருவாடும் சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்ததுதானே. நான் முதல் தடவை இந்த டின்னை வீட்டில் திறந்தபோது என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏங்க, மாசி மாதிரியில்ல மணக்குது!” என்றாள். அன்றைக்கே அவளுக்கு அது பிடித்துப்போனது.

சத்து விஷயத்தில்தான் உங்கள் கட்டுரை என்னை வருத்தியது. அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணைப்படி 100 கிராம் பச்சைப் பசிபிக் சிப்பியில் புரதம் சுமார் 9.5 கிராம், இரும்பு 5 மில்லிகிராம், துத்தநாகம் 16 மில்லிகிராமுக்கு மேல், பி12 வைட்டமின் 16 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி12 சுமார் 2.4 மைக்ரோகிராம்தான். துத்தநாகத்துக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு ஆணுக்கு 17, பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம். ஒரு முட்டையில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. வேகவைத்துப் புகைபோடும்போது தண்ணீர்தான் வெளியேறுகிறது, இரும்பும் துத்தநாகமும் ஆவியாகிப் போய்விடாது. பி12 கொஞ்சம் குறையலாம், ஆனாலும் நிறையவே மிஞ்சும். அரிசியும் பருப்பும் முக்கியமாக உண்ணும் நமக்கு அவற்றில் உள்ள துத்தநாகம் முழுதாக உடம்பில் சேர்வதில்லை, தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் தடுக்கிறது. சிப்பியில் அந்தத் தடை இல்லை.

என் மனைவிக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகிறது. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். மூன்று வருஷம் முன்பு பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்றாள். பரிசோதித்ததில் பி12 மிகவும் குறைந்திருந்தது. அந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் விளக்கினார். ஊசி போட்டுத்தான் அளவு ஏறியது. சிப்பியால் குணமானது என்று நான் எழுத மாட்டேன், அது பொய். ஆனால் பி12 உள்ள உணவாகவும் சாப்பிடுங்கள், ஈரல் நல்லது என்று டாக்டர் சொன்னபோது, ஈரல் வாடையே ஆகாத அவளுக்கு இந்த டின்தான் கைகொடுத்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வரும்போதெல்லாம் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு டின் கொண்டுவருவான். வாரம் ஒன்று, இருவரும் பகிர்ந்துகொள்வோம்.

ஆண்மை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். விந்தணு உருவாகத் துத்தநாகம் தேவை, அது உண்மை. குறை உள்ளவருக்கு அந்தக் குறை தீரும். குறையே இல்லாதவர் பத்து டின் சாப்பிட்டாலும் கூடுதலாக எதுவும் நடக்காது. இந்த ஆசையைக் காட்டி எழுதினால் படிக்கிற இளைஞர்கள் வீணாகக் காசைக் கொட்டுவார்கள்.

வாரம் ஒன்று என்ற கணக்குக்கு நான் பட்டு வந்தேன். ஓய்வுபெற்ற புதிதில் மகன் கொண்டுவந்த டின்களை ஆசையில் தினம் ஒன்றாக இரண்டு வாரம் தின்றேன். ஒரு விடியற்காலை வலது கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போனது. யூரிக் அமிலம். சிப்பியில் பியூரின் என்ற பொருள் உண்டு, உடம்பில் அது யூரிக் அமிலமாக மாறும். எனக்கு ஏற்கெனவே அந்த அமிலத்தின் அளவு கூடித்தான் இருந்திருக்கிறது. கௌட் என்கிற இந்த மூட்டுவீக்க நோய் உள்ளவர்கள் இதைத் தொடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். இறால், நண்டு, சிப்பி ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வருகிறவர்கள் தொடவே வேண்டாம். சிப்பி நீரை வடிகட்டி வாழ்வதால் அந்த நீரில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அதுவும் சதையில் சேரும். கிருமியைச் சூடு கொல்லும், உலோகத்தை என்ன செய்யும்? அதனால்தான் நல்ல தண்ணீரில் வளர்ந்ததா என்பது முக்கியம்.

அப்புறம் எண்ணெய். கப்பலில் பல வருஷம் டின் எண்ணெயைக் கொட்டாமல் அதிலேயே தாளித்தேன், அந்த மணத்துக்காக. இப்போது செய்வதில்லை. மரப்புகையில் உண்டாகும் பென்சோபைரீன் போன்ற தீய பொருள்கள் கொழுப்பில் கரைகிறவை, எண்ணெயிலும் இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் புகைபோட்ட சிப்பி இனங்களுக்கு ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் பென்சோபைரீன் வரைதான் அனுமதிக்கிறது. பல டின்களில் இருப்பது பருத்திவிதை எண்ணெய், அதில் பெரிய சத்தும் கிடையாது. வடித்துவிடுங்கள். சதையில் ஒட்டியிருக்கும் எண்ணெயே மணத்துக்குப் போதும்.

இனி சமையல். கப்பலில் எனக்கு இது அவசர காலத்துத் துணை. அடுத்த துறைமுகம் தள்ளிப்போய், பச்சை மீனும் காய்கறியும் தீர்ந்து, புரொவிஷன் ஸ்டோரில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் முட்டையும் மட்டும் மிஞ்சியிருக்கும். அப்போது இந்த டின்களை எடுப்பேன். பிலிப்பைன்ஸ் பையன்களுக்கு முந்தின நாள் சோற்றைப் பூண்டு போட்டு வதக்கி, மேலே இதைப் பரப்பிக் கொடுத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. அதிகாரிகளின் மேசைக்கு ஸ்பகெட்டி: ஆலிவ் எண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாக்கி, வற்றல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, வெந்த ஸ்பகெட்டியைப் புரட்டி, அடுப்பை அணைத்துவிட்டுச் சிப்பி. உப்பு பார்த்துத்தான் போட வேண்டும், டின்னிலேயே இருக்கிறது. போலந்துக்காரச் சீஃப் இன்ஜினியர் ஒருவருக்கு இவை எதுவும் வேண்டாம். உப்பு பிஸ்கட்டில் ஒன்றை வைத்து, எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவிக் கொடுத்தால் போதும். எஞ்சின் அறையிலிருந்து வியர்வையோடு வந்து நின்றபடியே எட்டு, பத்து தின்றுவிட்டுப் போவார்.

வீட்டில் எங்கள் முறை வேறு. பத்துச் சின்ன வெங்காயத்தை நறுக்கி, தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையோடு வதக்கி, இடித்த மிளகும் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலும் சேர்த்து இறக்கிவிட வேண்டும். சட்டியின் சூட்டிலேயே வடித்த சிப்பியைப் போட்டு உடையாமல் இரண்டு புரட்டு. பழைய சோற்றுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. உருளைக்கிழங்குப் பொடிமாஸில் உதிர்த்துப் போட்டால் பேரப்பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இன்னொன்றும் உங்களிடம் கேட்க வேண்டும். எங்கள் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் 1970களிலேயே உண்ணும் ஆளியை வளர்த்துக் காட்டியது. தண்ணீரில் கம்பு நட்டுச் சட்டம் கட்டி, ஓடுகளைக் கோத்த சரங்களைத் தொங்கவிடும் முறை. நான் தொங்யோங்கில் பார்த்ததும் ஏறக்குறைய அதே வேலைதான், அளவு மட்டும் பெரிது. நம் ஊரில் சிப்பி ஓடு என்றால் சுண்ணாம்புக் காளவாய் ஞாபகம் வருகிறதே தவிர, உள்ளே இருக்கும் சதையைப் பற்றிப் பேச்சே இல்லை. மகன் விமானத்தில் சுமந்து வரும் டின்னைத் திறக்கும்போதெல்லாம், இதை எங்கள் ஊர்க் காரப்பாடு உப்பங்கழியிலேயே விளைவிக்கலாமே என்று தோன்றுகிறது. மாசிக்கும் கருவாட்டுக்கும் பழகிய கைகள் இங்கே இருக்கின்றன. சுத்தமான தண்ணீரும், புகைக்கூண்டும், சரியாகச் சோதித்து முத்திரை தரும் ஏற்பாடும் வேண்டும். உங்கள் நிருபர் ஒருவர் அந்த மையத்துக்குப் போய் விஞ்ஞானிகளிடமும், கழியில் ஆளி எடுக்கும் பெண்களிடமும் பேசி, ஒரு முழுப்பக்கம் எழுதினால் நன்றாக இருக்கும். இடம் காட்ட நான் கூட வருகிறேன்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிறே அந்தக் குழம்புச் செய்முறையைத் திருத்திப் போடுங்கள். ஏற்கெனவே ஆவியில் வெந்து, புகையில் காய்ந்து, கலனில் மறுபடி வெந்த சதை அது. 20 நிமிடம் கொதித்தால் ரப்பராகிவிடும், புகை மணமும் புளியில் கரைந்துபோகும். காசு கொடுத்து டின் வாங்குகிற யாரோ ஒருவர் அப்படிச் செய்துபார்த்து, சிப்பியே ஆகாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புளிக்குழம்புதான் வேண்டும் என்றால் குழம்பை முதலில் முழுதாக வற்றவைத்து, எண்ணெய் மிதந்ததும் அடுப்பை அணைத்து, அதன் பிறகு சிப்பியைப் போட்டு மூடி ஐந்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர்,
தூத்துக்குடி.