கழுத்துத் துண்டு இல்லாமல் வந்த குதிரைப் போர்வை குறித்துப் புகார்

அனுப்புநர்:
கல்யாண ஊர்வலக் குதிரை வைத்திருப்பவர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அழுத்தி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ஆர்டர் விவரமெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பேசுகிற ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்டீர்கள், நானும் சொன்னேன். இங்கே மறுபடி சொல்வதாக இல்லை. கறுப்புக் குதிரையின் மயிர் வெயிலில் வெளுக்காமல் இருக்கப் பங்குனியில் வாங்கிய கோடை செட். வெள்ளை வலைப் போர்வை, உள்ளுக்குக் கொடுக்கிற நீல டப்பா தாதுப் பவுடர். இரண்டும் வந்தன. கழுத்துத் துண்டு வரவில்லை. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் படத்தில் குதிரைக்குக் காதுவரை போர்த்தியிருக்கிறதே, அந்தத் துண்டுதான். இப்போது ஆனி மாதம் நடக்கிறது.

என் கருப்பன், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய மார்வாரி இனக் கறுப்புக் குதிரை. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டுகூடக் கிடையாது. இன்று அவன் உடம்பு அட்டைக்கரி, கழுத்து மட்டும் துருப்பிடித்த தகரம். போர்வை முடிகிற இடத்தில் நேர்கோடு விழுந்திருக்கிறது. போர்வை வேலை செய்யவில்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. நன்றாகவே வேலை செய்கிறது, அதனால்தான் கோடு இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. போர்வையே இல்லாமல் இருந்திருந்தால் குதிரை முழுக்க ஒரே மாதிரி வெளுத்திருக்கும், செம்பட்டைக் குதிரை என்று சொல்லி ஓட்டியிருப்பேன்.

இதைச் சொன்னதற்கு உங்கள் ஆள் ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? "சார், கறுப்பு டை அடிச்சிடுங்க, எங்க தாத்தா அடிக்கிறாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்து சீட்டில் இருந்தவரும் சிரித்தது எனக்குக் கேட்டது. உங்கள் அழைப்புகளெல்லாம் பதிவு செய்யப்படும் என்று முதலிலேயே ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள் ஐயா. மனுஷன் தலைக்குப் போடுகிற டையிலேயே பலருக்கு முகம் வீங்கிப் போகிறது. லகான் வார் உரசுகிற கழுத்தில் அதை அடித்துப் புண்ணானால் யார் பொறுப்பு? டை வேண்டாம் என்றதும், "அப்போ தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்கிறார். சில்வர் பீச் மணலில் நிற்கிற குதிரைக்கு எண்ணெய் தடவினால் மணல் முழுக்க மயிரில்தான் இருக்கும். கடைசியாக ஒரு யோசனை: "ஏதாவது வேட்டியைக் கட்டிவிடுங்க." வேட்டி கட்டினால் உள்ளே வேர்த்து ஊறும். வியர்வை உப்பும் வெயிலும் சேர்ந்தால் நிறம் இன்னும் சீக்கிரம் போகும் என்று உங்கள் விளம்பரத்தில் நீங்களேதான் போட்டிருக்கிறீர்கள். அதற்காகத்தானே காற்றுப் போகிற வலைத் துணிக்கு அவ்வளவு விலை?

குதிரையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றும் ஒருவர் சொன்னார். பகல் முழுக்கக் கொட்டகையில் நிழலில் கட்டுகிறேன். மேய விடுவது இருட்டிய பிறகு. வேலை முடிந்து வந்ததும் வியர்வை காயும் முன் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, தேய்த்து, துடைக்கிறேன். ஞாயிறு பிற்பகல் பீச்சில் பிள்ளைகளை ஏற்றுவதையும் காலை முகூர்த்தத்தில் மண்டப வாசலில் நிற்பதையும் தவிர்க்க முடியாது. கவளம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த நேரத்துக்காகவும் வண்டியில் ஏற்றிப் போகிற நேரத்துக்காகவும்தான் உங்கள் செட்டை வாங்கினேன்.

அப்புறம் "துண்டு வந்ததும் சரியாகிவிடும்" என்கிறீர்கள். எப்படிச் சரியாகும்? வெளியே வளர்ந்த மயிர் செத்த மயிர். அதில் கறுப்பு நிறம் தருகிற மெலனினை வெயில் சிதைத்துவிட்டால் உள்ளே இருந்து மருந்து போய்ச் சேராது. பவுடர் உதவுவதென்றாலும் இனி முளைக்கிற மயிருக்குத்தான். குதிரை மயிர் உதிர்த்துப் புதிது போடும்வரை இந்தக் கழுத்து இப்படியேதான் இருக்கும். குதிரைச் சாமான் விற்கிற கம்பெனிக்கு இதைக் கடலூரிலிருந்து நான் எழுத வேண்டியிருக்கிறது.

பவுடர் கதை தனி. கறுப்பு நிறம் உண்டாக்குகிற டைரோசினேஸ் என்ற நொதிக்குத் தாமிரம் வேண்டும், அதனால் தாமிரமும் துத்தநாகமும் குறையக் கூடாது என்று கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கினார். என் குதிரை 400 கிலோ இருக்கும். ஓய்வாக இருக்கும் நாளில் அதற்குத் தாமிரம் 80 மில்லிகிராம், துத்தநாகம் 320 மில்லிகிராம் தேவைப்படுமாம். கொள்ளு, தவிடு, குதிரை மசால், ஆளி விதையோடு தாது உப்புக் கலவையும் ஏற்கெனவே கொடுக்கிறேன். எங்கள் போர் தண்ணீரில் வேறு இரும்பு அதிகம், தொட்டி ஓரமெல்லாம் செம்பழுப்பு; டப்பாவிலும் இரும்பு இருந்தால் இன்னும் கூடிப்போகும். "இந்த டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு வாங்கி வாருங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்" என்றார். டப்பாவில் 'சமச்சீர் தாதுக்கள்' என்று மட்டும் போட்டிருக்கிறது. போனில் கேட்டால், "அது கம்பெனி சீக்ரெட் சார்." உப்புப் பாக்கெட்டில்கூட என்ன இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். டாக்டர் தலையசைக்காமல் நான் ஒரு ஸ்பூன் கொடுக்க மாட்டேன். டப்பா அப்படியே அலமாரியில் இருக்கிறது.

மறந்துவிட்டேன், புதுச்சேரி. "உங்கள் துண்டு புதுச்சேரி டீலரிடம் வந்துவிட்டது, நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மெசேஜ் அனுப்பியது நீங்கள். கொட்டகைக்கு ஆள் வைத்துவிட்டு, மத்தியான வெயிலில் பஸ் பிடித்தேன். புதுச்சேரி எல்லையான முள்ளோடையில், மதுக்கடை வாசலில் பாதி பஸ் இறங்கியது, அவர்கள் இறங்குகிற காரியம் உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அவர்கள் பிழைப்பே தேவலை என்று நினைத்தேன். அரியாங்குப்பம் நெரிசலில் வேறு வண்டி நகரவில்லை. போய் இறங்கினால் கடை சாத்தியிருக்கிறது. சாப்பாட்டு நேரமாம். திறக்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். திறந்தவர் மெசேஜைப் பார்த்துவிட்டு, "கழுத்துத் துண்டா? அது தனி ஐட்டம், எங்களுக்கு வரவே இல்லையே" என்றார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் ஆபீசில் இருந்துகொண்டு அந்த மெசேஜை அனுப்பிய விரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நஷ்டம் சாதாரணம் இல்லை. வைகாசி முகூர்த்தமே போய்விட்டது. நெய்வேலி மாப்பிள்ளை வீட்டார் கறுப்புக் குதிரை என்று பேசி முன்பணம் கொடுத்தவர்கள், நேரில் பார்த்துவிட்டு, "ஒட்டுப்போட்ட குதிரையா?" என்று கேட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பண்ருட்டி வீட்டார் போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன், அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. இந்த இரண்டு வீட்டோடு நிற்கிற விஷயமா இது? கல்யாண மண்டபத்தில் ஒருவர் சொன்னால் ஜில்லா முழுக்கப் போகும். தலைமுறைத் தொழில் ஐயா. ஆவணிக்கு இன்னும் ஒருவர்கூடப் பேசவில்லை.

கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். தரமான சாமான் செய்கிற கம்பெனி என்பதால்தான் உங்களிடம் வாங்கினேன், இனியும் வாங்க மனமிருக்கிறது. ஆனால் "குதிரையை வாடகைக்கு விடுகிறீர்கள், நீங்கள் வியாபாரி, நுகர்வோர் சட்டத்தில் வரமாட்டீர்கள்" என்று உங்கள் சூப்பர்வைசர் அம்மா மிரட்டியதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன் விளக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிற பொருள், வணிக நோக்கத்தில் சேராது. எனக்கு இருப்பது ஒரே குதிரை. பிரிவு 34-இன்படி நான் குடியிருக்கிற ஊரிலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன். அங்கேயாவது யாராவது எடுப்பார்கள்.

எனக்கு வேண்டியது கழுத்துத் துண்டு, உடனே, என் வாசலுக்கு. பவுடரில் தாமிரம், துத்தநாகம், இரும்பு எத்தனை மில்லிகிராம் என்று கம்பெனி முத்திரையோடு எழுத்தில்; இல்லையென்றால் டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணம். வைகாசி நஷ்டத்துக்கு ஒரு நியாயமான தொகை, அதை நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்; நான் யோசித்தால் பெரிதாக வரும். டை அடிக்கச் சொன்ன தம்பி போனில் வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், வேலையை விட்டு எடுக்க வேண்டாம். அவருக்கும் குடும்பம் இருக்கும், தாத்தா வேறு இருக்கிறார்.

ஆடி பிறப்பதற்குள் பதில் வரவில்லையென்றால் அடுத்த கடிதம் ஆணையத்திலிருந்து வரும்.

இப்படிக்கு,
கருப்பனின் சொந்தக்காரர்

பி.கு.: துண்டு அனுப்பும்போது மார்பில் மாட்டுகிற கொக்கிகளையும் சேர்த்து அனுப்பவும். அவையும் தனி ஐட்டம் என்று புதுச்சேரியில் கேள்விப்பட்டேன்.