சிவப்பு பாண்டா கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை

வனவிலங்குப் பூங்காக்களை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். "இவ்வளவு தூரம் வந்தும் சிவப்பு பாண்டாவைப் பார்க்க முடியவில்லை" என்று பார்வையாளர்கள் உங்களிடம் குறைப்படுவார்கள். அதற்காகத் தயவுசெய்து அதன் மறைவிடங்களைக் குறைத்துவிடாதீர்கள்.

மூங்கில் இலையைத் தின்றே வாழ்கிற இந்த விலங்குக்கு வாய்த்திருப்பது மாமிச உண்ணியின் குடல். தின்றதில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறிவிடும். அதனால் மணிக்கணக்கில் மென்றாக வேண்டும், மிச்ச நேரம் அசையாமல் கிடந்து சக்தியைச் சேமிக்க வேண்டும். விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். கூட்டம் நிறைந்த நண்பகலில் அது தூங்குவது சோம்பலால் அல்ல.

தூங்கும் விதத்தையும் கவனியுங்கள். குளிரில் சுருண்டு, வாலால் முகத்தை மூடிக்கொள்ளும். நான்கு கால்களையும் தொங்கவிட்டுக் கிளைமேல் கிடந்தால் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று பொருள். படம் எடுக்க அழகான காட்சிதான். ஆனால் இமயமலையின் குளிர்ந்த காடுகளில் வாழ்வதற்கான அடர்ந்த ரோமம் அதற்கு. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினாலே திணறும். நிழலும் குளிரூட்டிய அறையும் இல்லாத இடத்தில் அதை வைத்திருக்கவே கூடாது என்பேன்.

அப்புறம் சத்தம். 2024 நவம்பரில் எடின்பரோ உயிரியல் பூங்காவில் ரோக்ஸி என்ற மூன்று மாதக் குட்டி, தன் வாந்தியே மூச்சை அடைத்து இறந்துபோனது. பட்டாசுச் சத்தத்தால் ஏற்பட்ட பதற்றமே காரணமாக இருக்கக்கூடும் என்று பூங்காவே சொன்னது. இதைப் படித்த பிறகும் பூங்காவுக்குள் இரவுக் கச்சேரி நடத்த எப்படி மனம் வரும்?

தாய்ப் பாண்டாவின் கலவரம் இன்னும் நுட்பமானது. தொந்தரவு என்று பட்டால் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஒரு கூட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். பயம் தீராவிட்டால் மாற்றிக்கொண்டே இருக்கும், குட்டி நைந்துபோகும். ஒன்றுக்குப் பல கூட்டுப்பெட்டிகள் வையுங்கள். ஈனும் பருவத்தில் அந்தப் பக்கத்து நடைபாதையை மூடிவிடுங்கள். பெட்டிக்குள் ஒரு கேமரா பொருத்தி, நுழைவாயில் திரையில் காட்டினால் போதும். குழந்தைகள் அங்கேயே நின்று பார்ப்பார்கள்.

2015 முதல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்ட விலங்கு இது. டார்ஜிலிங் பத்மஜா நாயுடு பூங்காவில் வளர்ந்தவற்றைச் சிங்காலிலா காட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். உங்களிடம் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் அவ்வளவு முக்கியம். பூமியின் வட அரைக்கோள நாடுகளில் ஜூன், ஜூலையில்தான் பெரும்பாலும் ஈனும். அதற்கு முன்பே பராமரிப்பாளர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். எந்தப் பாதையை எப்போது மூடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்