படிவத்தைத் திருத்தியவர்களுக்கு

அன்புடையீர்,

முப்பத்தொரு வருடம் படிப்பித்து, ஊர் ஊராய்ப் படிவம் நிரப்பி, போன மாதம் ஓய்வு பெற்றேன். பிரியாவிடையில் மாலை போட்டு, தொழிற்சந்தைப் பொருளியலாளர் என்று நீட்டி முழக்கினார்கள். அங்கே சொல்லவேண்டிய நன்றி தொண்டையில் அடைத்துக்கொண்டது. பெயர் போட்டால் உங்களுக்குப் பிடிக்காது. ஆரை ஆர் என்று உங்களுக்கே விளங்கும்.

முதலில் வடமராட்சி அக்காவுக்கு. ஆருக்கு வேலை இருக்கு, ஆருக்கு இல்லை என்று கணக்கெடுக்க 1990இல் தொடங்கிய இலங்கை அரசின் காலாண்டுத் தொழிற்படை அளவீட்டில், போரால் வடக்கு பல வருடம் சேரவில்லை. சரி, நாங்களே கேட்போம் என்று 1993இல் ரோனியோ அடித்த படிவங்களோடு சைக்கிளில் கிளம்பினோம். உங்கள் வீட்டு விறாந்தையில் குந்தியிருந்து, போன ஏழு நாளில் ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீர்களா என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, வீட்டிலை சும்மாதான் இருக்கிறன்" என்றீர்கள். கை மட்டும் நிற்கவில்லை. பெட்டி இழைக்கிற இளம் பனையோலை, அந்த ஈரச் சார்வோலை, ஒன்றுக்குள் ஒன்று ஏறி இறங்க, மூலை மடிக்கும் இடத்தில் ஓலை நுனியைப் பல்லால் கடித்து இழுத்தீர்கள். நான் 'வேலை இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்! பொருளியல் படித்தவனுக்குக் கண் படிவத்தில்தான் இருக்கும்.

அடுத்தது, அன்று என்னோடு வந்த மாணவிக்கு. ஒழுங்கை முடக்கில் சைக்கிளை நிறுத்தி, "சேர், அந்தப் பெட்டியை அவ ஆருக்கு இழைக்கிறா எண்டு கேக்கேல்லையே?" என்றாய். எரிச்சலோடுதான் திரும்பி வந்தேன். பெட்டிகள் சந்தைக்குப் போயின. பிள்ளைகளின் கொப்பிக்காசு அதில்தான் வந்தது. விற்கவென்று ஒரு மணித்தியாலம் இழைத்தாலே அளவீட்டுக் கணக்கில் அது வேலை. பிழை வரைவிலக்கணத்தில் இல்லை, என் கேள்வியில். 'வேலை' என்றால் சம்பளம் வருகிற உத்தியோகம் என்றுதான் ஊர் விளங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு, "விடிஞ்சதிலை இருந்து என்னென்ன செய்தனீங்கள்?" என்று கேட்கத் தொடங்கினோம். முடித்த வீடுகளுக்கெல்லாம் இரண்டாந்தரம் போனோம். சில வீட்டில் நாய் அவிழ்த்துவிட்டார்கள், அதுவும் நியாயந்தான்.

ஜாம்போத்தல் விளக்கில் அந்தக் கணக்கையெல்லாம் கூட்டித் தந்த என் மனைவிக்கு. இதற்கு மேல் எழுதினால் ஏச்சு விழும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி மழைக்குள் யாழ்ப்பாணத்து வலிகாமமே நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது, உரப்பையில் கட்டிய என் படிவக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த பெடியனுக்கு. உள்ளே அரிசி என்று நினைத்திருப்பாய் தம்பி. உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

பிறகு, பொருளியலாளர்கள் டேவிட் கார்ட், அலன் குரூகர் இருவரின் 1994ஆம் ஆண்டுக் கட்டுரையைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொழும்பிலிருந்து கொண்டுவந்த நண்பருக்கு. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்துப் பென்சில்வேனியா கூட்டவில்லை. இரு பக்கமும் 410 துரித உணவுக்கடைகளைக் கூலி கூடுவதற்கு முன்னும் பின்னும் விசாரித்துப் பார்த்தார்கள். கூலி கூடியதால் வேலையாட்கள் குறையவில்லை. அயலூரோடு ஒப்பிட்டுப் பார்க்கிற அந்த வழியைப் பல வருடம் படிப்பித்தேன். கார்ட்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தபோது நண்பர் அனுப்பிய குறுஞ்செய்தி: "கொப்பிக்காசு இன்னும் வரேல்லை." இங்கே 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 10,000 ரூபாய் என்று எழுதியபோது எனக்கு அக்காதான் நினைவுக்கு வந்தார். அவருக்கு முதலாளி ஆர்?

கடைசியாக, சனசமூக நிலையத்தாருக்கு. பெயர், முகவரி இருந்த பக்கங்களைக் கிழித்து எரித்துவிட்டேன். மிச்சப் படிவங்கள் உங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன, திறப்பு செயலாளரிடம். எலி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.