அப்பாவின் மாத்திரை

அன்புள்ள குமாருக்கு, அம்மா எழுதுகிறேன்.

போனில் அப்பா பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

என் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்து அவர் லாட்டரி வாங்கியது தெரிந்த நாளிலிருந்து நீ அவரிடம் பேசவில்லை. 2003ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது சந்தோஷப்பட்ட மனுஷன். அவர்தான் யாருக்கும் சொல்லாமல் தென்காசியில் பஸ் ஏறி, புளியரை தாண்டி, லாட்டரி விற்கும் கேரளத்து ஆரியங்காவில் கட்டுக்கட்டாக டிக்கெட் வாங்கியிருக்கிறார். நானும் திட்டாத திட்டு இல்லை.

போன மாதம் நரம்பு டாக்டரிடம் அழுதுவிட்டேன். "பிரமிபெக்சோல் அளவை எப்போது கூட்டினோம்?" என்றுதான் முதலில் கேட்டார். அப்பாவின் நடுக்குவாதத்துக்கு (பார்க்கின்சன் நோய்) அவர் கொடுக்கும் மாத்திரை அது; டோபமைன் மாதிரியே வேலை செய்யும். பழைய மருந்துச் சீட்டைப் புரட்டினால், கூட்டிய மூன்றாவது மாதம் இது தொடங்கியிருக்கிறது.

முப்பது வருஷம் உயிரியல் நடத்திய எனக்கே இது தெரியவில்லையே, ஐயா. நடுக்குவாதத்தில், மூளையில் சேதி கடத்தும் ரசாயனமான டோபமைன் மூளை முழுக்க ஒரே மாதிரி வற்றுவதில்லை. கைகால் அசைவுக்கான பகுதி முதலில் காய்கிறது. ஆசையையும் பலனையும் கவனிக்கும் பகுதியில் ஓரளவு மிஞ்சியிருக்கும். காய்ந்த வயலுக்குத் திறந்த தண்ணீர் பக்கத்து வயலை மூழ்கடித்த கதைதான். இந்த மாத்திரை பற்றிக்கொள்ளும், டோபமைனை வாங்கிக்கொள்ளும் டி3 ஏற்பிகளும் அந்த ஆசைப் பகுதியில்தான் அதிகம்.

அடுத்து டாக்டர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எதிர்பார்த்தது கிடைக்காதபோது டோபமைன் சட்டென்று இறங்கும். 'இனி வேண்டாம்' என்று மூளை கற்பது அந்த இறக்கத்தில்தான். மாத்திரை அதை மழுக்கிவிடுகிறது. பணம் போனது அவருக்குத் தெரிந்தது, உறைக்கவில்லை.

அவர் ஒருவர் மட்டுமில்லை. 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010ல் வெளியான ஆய்வில், இவ்வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேருக்குச் சூதாட்டமோ, கண்டதை வாங்கிக் குவிப்பதோ, ஏதோ ஓர் அடங்காத பழக்கம் இருந்தது. சாப்பிடாதவர்களில் 7 சதவீதம்தான்.

ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம், மெல்லக் குறைக்கிறோம். நடுக்கம் கூடியிருக்கிறது, சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். ஆனால் இரண்டு வாரமாகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. நேற்று, "குமார் பேசினானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திண்ணைக்குப் போய்விட்டார்.

சங்கிலியை என் பென்ஷனில் மீட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அவர் நம்பருக்கே போன் போடு.

அம்மா